கடைசி வரிசையில் நிற்பவர் யார்?

திருப்பூர் என்றதும் பனியன் என்பர். பனியன் என்றதும் பணம் என்பர். கப்பலேறும் சரக்கு, கோடிக் கணக்கிலே வியாபாரம், குடிசையிலே பிறந்தவர் கோபுரமாய் உயர்ந்த கதை இவையெல்லாம் ஏடுகளில் வந்தவண்ணம் இருக்கின்றன. வரட்டும்! உழைத்து உயர்ந்தவரைக் கண்டு உள்ளம் புழுங்குகிறவர்கள் அல்ல நாம். ஆனால், அந்தப் பனியன் துணியைப் பின்னியவன் யார்? வெட்டியவன் யார்? தைத்தவன் யார்? மடித்து அடுக்கிய சிறுவன் யார்? கேட்டுப் பாருங்கள் தோழர்களே, பதில் சொல்ல ஏடு இல்லை!

பதில் இல்லாமல் போய்விடவில்லை. அது பழைய வீடுகளின் சுவரிலே தொங்குகிறது. கரையான் அரித்த சட்டத்துக்குள்ளே, பழுப்பேறிய அட்டையிலே, கறுப்பும் வெள்ளையுமாய் நிற்கிறது. தகரப் பெட்டியின் அடியிலே, ரேஷன் கார்டுக்கும் மருந்துச் சீட்டுக்கும் இடையிலே மடிந்து கிடக்கிறது. அந்தப் பழைய புகைப்படங்களையும், அவற்றைப் பார்த்துப் பேசும் முதியவர்களின் நினைவுகளையும் துணையாகக் கொண்டு, ஐம்பது, அறுபதுகளின் திருப்பூரை இன்று சுற்றி வருவோம். அந்த ஊர் எப்படி இருந்தது என்பதோடு நில்லாமல், அந்த ஊர் யாருடையது என்பதையும் கேட்போம்.

பஞ்சு மூட்டையும் பைக்காரா மின்சாரமும்

பனியன் வருவதற்கு முன்பே பிழைக்கத் தெரிந்த ஊர் திருப்பூர். 1860-களில் சென்னையிலிருந்து போத்தனூரை நோக்கிப் போடப்பட்ட இருப்புப் பாதை இந்த ஊரைத் தொட்டுச் சென்றது. பல்லடம், காங்கயம், அவினாசி வட்டாரத்துப் பருத்தி மாட்டுவண்டியிலே வந்து இறங்கும். ஜின்னிங் ஆலையிலே விதை வேறு பஞ்சு வேறு எனப் பிரியும். மூட்டையாகி ரயிலேறும். 1917-இல் ஊர் நகராட்சி ஆயிற்று. 1925-இல் தோன்றிய அகில இந்திய சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்கு இருப்பிடமும் இந்த ஊர்தான். கதர் மூட்டைகள் இங்கிருந்து நாடெங்கும் போயின.

ஏறத்தாழ அதே 1925-ஆம் ஆண்டில்தான் பின்னல் எந்திரமும் இங்கு கால் வைத்தது. கல்கத்தாவிலே அந்தத் தொழிலைக் கண்டுவந்து இங்கே தொடங்கியவர் என்று குலாம் காதர் என்பாரின் பெயரைத் தொழிலின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகிறார்கள். கையாலே சுற்றும் எந்திரம் அது. ஒருவன் சுற்றச் சுற்றக் குழாய்போலத் துணி இறங்கும். மனிதனின் தோள்தான் அன்றைக்கு மோட்டார்! 1932-இல் நீலகிரியிலே பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, கோவை வட்டாரத்துக்குக் கம்பி வழியே மின்சாரம் வந்த பிறகு, தோளின் பாரம் குறைந்தது. ஓட்டத்தின் வேகம் கூடியது. 1942-இல் 34 பின்னலாடை நிறுவனங்கள், 1961-இல் 230! இருபதே ஆண்டுகளில் ஏழு மடங்கு!

பழைய படங்கள் இந்த வளர்ச்சியை அழகாகக் காட்டுகின்றன. மாட்டுவண்டி நின்ற இடத்திலே லாரி நிற்கிறது. ஓட்டுக் கூரை போய் மெத்தை வீடு வருகிறது. கடைப் பலகை கையெழுத்திலிருந்து வண்ண எழுத்துக்கு மாறுகிறது. பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டையும், படம் பார்க்கக் கூட்டம் முண்டிய யுனிவர்சல் தியேட்டரும் முதியவர்கள் பேச்சிலே வந்து போகின்றன. ஆனால் 34 என்றும் 230 என்றும் எண்ணிக்கை சொல்கிறோமே, அது கம்பெனிகளின் எண்ணிக்கை. உள்ளே இருந்த மனிதர்களின் எண்ணிக்கை என்ன? பெயர் என்ன? ஊர் என்ன? அந்தக் கணக்கை எடுப்பார் எவர்?

பெயர் பெற்ற ஒருவர்

பெயர் பெற்ற தொழிலாளி ஒருவர் உண்டு. சென்னிமலையிலே நெசவாளர் குடும்பத்திலே 1904 அக்டோபர் 4-இல் பிறந்த குமரன். பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தவர். 1932 ஜனவரி 10-ஆம் நாள் தடையை மீறி நடந்த ஊர்வலத்தில் கொடியேந்திச் சென்றார். போலீஸ் தடியடியிலே மண்டை பிளந்தது. கையிலிருந்த கொடி விழவில்லை. மறுநாள், 11-ஆம் நாள், உயிர் நீத்தார். வயது 27!

அன்று அவருடைய கட்சி வேறு, நம்மவர் நடந்த பாதை வேறு. அதனால் என்ன? உழைத்து உண்ட ஓர் ஏழை இளைஞன், தான் நம்பிய கொள்கைக்காக உயிர் கொடுத்தான் என்றால், அந்த வீரத்துக்கு வணக்கம் செலுத்தத் தயங்குவது நம் மரபல்ல. ரயிலடிக்கு அருகே அவருக்கு நினைவகம் உண்டு. ஊரின் நடுவே ஓடும் சாலை அவர் பெயரைத் தாங்குகிறது. 2004-இல் அஞ்சல் தலையும் வெளிவந்தது. நல்லது! செய்யவேண்டிய மரியாதை செய்யப்பட்டது.

ஆனால் தோழர்களே, அன்று அந்த ஊர்வலத்திலே குமரனோடு அடிபட்டவர்களும் உண்டு. அவர்களில் எத்தனை பேரின் பெயரை இன்றைய இளைஞர் சொல்வர்? ஒரு தொழிலாளி பெயர் பெறவேண்டுமானால் உயிரையே கொடுத்தாகவேண்டும். உயிரோடிருந்து நாற்பதாண்டு எந்திரத்தோடு மாரடித்தவனுக்குப் பெயர் கிடையாது என்பதா நியாயம்?

மாலை யாருக்கு?

திருப்பூரின் பழைய பனியன் கம்பெனிப் படங்களைப் பார்த்தால், அவற்றிலே பெரும்பாலானவை ஆயுத பூஜை நாளில் எடுக்கப்பட்டவை. மற்ற நாளில் தொழிலாளியைப் படமெடுக்க யாருக்கு நேரம்? யாருக்கு மனம்? அந்த ஒரு நாள் எந்திரம் ஓடாது. எந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், மாலை, வாசலிலே பூசணிக்காய், ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரி. படக்காரர் முக்காலியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, ‘அசையாதீர்கள்’ என்பார். போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும் என்று நம்பிய காலம் அது. ஆகவே சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தால் ஆயுள் குறையும் என்று சொல்லித்தர மட்டும் ஆள் இல்லை!

படத்தைக் கூர்ந்து நோக்குங்கள். நடுவிலே நாற்காலி. நாற்காலியிலே முதலாளி. இருபுறமும் அவர் உடன்பிறந்தார், கணக்குப்பிள்ளை, கட்டிங் மாஸ்டர். பின்னாலே நிற்பது நிட்டிங்காரர்களும் சிங்கர் டெய்லர்களும். அதற்கும் பின்னாலே, பெஞ்சின்மேல் ஏறி நிற்கும் வரிசையிலே, பாதி முகம் தெரிந்தும் தெரியாமலும் சலவைப்பட்டறை ஆட்களும் மூட்டை தூக்குகிறவர்களும். முன்னாலே தரையிலே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் பொடியன்கள் யார்? அவர்கள்தாம் ‘கைமடி’கள்! டெய்லர் தைத்துத் தள்ளும் துணியை எடுத்து மடித்துக் கொடுக்கும் சிறுவர்கள். எட்டு வயதோ பத்து வயதோ இருக்கும். பள்ளிக்கூடத்துப் படத்திலே இருக்கவேண்டிய முகம், பனியன் கம்பெனிப் படத்திலே இருக்கிறது!

எந்திரத்துக்குச் சந்தனம் வைத்தார்கள். அதை ஓட்டிய கைக்கு? ஆயுதத்துக்குப் பூஜை செய்தார்கள். அதை ஏந்திய ஆளுக்கு? படத்தின் கீழே கம்பெனியின் பெயர் அழகாக அச்சாகியிருக்கிறது. நாற்காலியில் இருப்பவரின் பெயரும் சில படங்களிலே இருக்கிறது. நிற்பவர்களின் பெயர் இல்லை. இதுதான் நாம் பார்த்த படங்கள் சொல்லும் வருணாசிரமம்! சாதியினால் அமைந்தது ஒன்று. நாற்காலியினால் அமைந்தது மற்றொன்று!

இதிலே பெண்கள் எங்கே என்று கேட்பீர்கள். ஜின்னிங் ஆலையிலே பருத்தியைப் பிரித்துக் கொட்டியவர்கள் பெண்கள். ஆயினும் அந்த நாளைய படங்களிலே அவர்களைக் காண்பது அரிது. நின்றாலும் ஓரத்திலே, முந்தானையால் முகம் மறைத்து நிற்கிறார்கள். பனியன் கம்பெனிகளில் பெண்கள் பெருமளவில் வேலைக்கு வந்தது பிற்பாடு, ஏற்றுமதி பெருகிய காலத்தில். அதற்கு முன்பும் அவர்கள் உழைத்தார்கள். ஆனால் படக்காரரின் கண்ணாடிக்கு முன்னே வரவில்லை.

பதிவேட்டில் இல்லை, படத்தில் உண்டு!

‘பழைய படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதால் என்ன பயன்? சோறு போடுமா?’ என்று கேட்கும் தோழர்கள் உண்டு. சோறு போடும் என்கிறோம் நாம்! கேளுங்கள்.

முதிய டெய்லர் ஒருவர் நமக்கு மூன்று படங்களைக் காட்டினார். மூன்றும் ஆயுத பூஜைப் படங்கள். வெவ்வேறு ஆண்டுகளில், ஒரே கம்பெனியில் எடுத்தவை. முதலாவதில் மீசை அரும்பிய இளைஞன். இரண்டாவதில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தகப்பன். மூன்றாவதில் தலை நரைத்த மனிதர். மூன்றிலும் அவரே! வேலையை விட்டு நின்றபோது பணிக்கொடை கேட்டாராம். வருகைப் பதிவேட்டிலே அவர் பெயர் ஓராண்டுகூடத் தொடர்ச்சியாக இல்லை என்றார்களாம். ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. சட்டம் இருந்தது, பதிவேடு இல்லை. பதிவேடு இல்லை, படம் இருந்தது! ஆனால் அந்தப் படத்தின் பின்னே தேதி இல்லை, பெயர் இல்லை, அவரோடு நின்றவர்களின் விலாசம் இல்லை. சாட்சி சொல்லக்கூடிய நாற்பது முகங்கள் அவர் கையிலே இருந்தன. ஒரு முகத்துக்கும் முகவரி இல்லை!

பீஸ் ரேட் கூலிக்காரன், வாரச் சம்பளக்காரன், ஒப்பந்தக்காரரின் ஆள் இவர்களெல்லாம் கணக்கிலே வராத மனிதர்கள். கணக்கிலே வராதவனுக்குப் படமே பத்திரம்! அதை நாம் ஏன் மறந்தோம்?

அமெரிக்காவிலே லூயிஸ் ஹைன் என்றொருவர் இருந்தார். பள்ளி ஆசிரியர், பின்னர் கேமராவைத் தூக்கிக்கொண்டார். 1908 முதல், அந்த நாட்டின் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக் குழுவுக்காகச் சுரங்கங்களிலும் பஞ்சாலைகளிலும் பின்னல் ஆலைகளிலும் நுழைந்து, அங்கே வேலை செய்த சிறுவர் சிறுமியரைப் படமெடுத்தார். வெறும் படத்தோடு அவர் நிற்கவில்லை. சட்டைப்பைக்குள்ளே சிறு குறிப்பேட்டை மறைத்து வைத்துக்கொண்டு, பிள்ளையின் பெயர், வயது, என்ன வேலை, எந்த ஊர் என்று எழுதினார். தன் கோட்டுப் பொத்தான்கள் தரையிலிருந்து எத்தனை உயரம் என்று அளந்து வைத்திருந்தார். எந்தப் பொத்தானுக்கு நேரே பிள்ளையின் தலை வருகிறது என்று பார்த்தே உயரத்தைக் குறித்துக்கொண்டார்! ‘இப்படிப்பட்ட குழந்தைகள் எங்களிடம் இல்லை’ என்று ஆலைக்காரர் மறுத்தபோது, படமும் பெயரும் சேர்ந்து பதில் சொல்லின. 1938-இல் அந்த நாட்டிலே நாடு தழுவிய சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பலர் போராடினர். ஹைனின் படங்களும் போராடின. பெயரில்லாத படம் பரிதாபம். பெயருள்ள படம் வாக்குமூலம்!

நம் ஊர்க் கைமடிச் சிறுவனுக்கு அப்படி ஒரு ஹைன் வாய்க்கவில்லை. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் இங்கே வந்தது 1986-இல். அதற்குள் எத்தனை ஆயுத பூஜைப் படங்களின் முன்வரிசையிலே எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள்!

மன்றத்துச் சுவரும் மணமேடைச் சாட்சியும்

கம்பெனிப் படங்களிலே தலை தாழ்த்தி நின்ற அதே மனிதன், வேறு சில படங்களிலே தலை நிமிர்ந்து நிற்கிறான். அவை எங்கே எடுத்தவை? படிப்பகத் திறப்பு விழாவிலே, மன்றத்து ஆண்டு விழாவிலே, பொதுக்கூட்ட மேடையருகே! தோளிலே துண்டு, கையிலே ஏடு, கண்ணிலே ஒளி. பகலிலே ‘ஏய்’ என்று அழைக்கப்பட்டவன், மாலையிலே ‘தோழர்’ என்று அழைக்கப்பட்டான். அந்த ஒரு சொல்லுக்காகவே மைல் கணக்கில் நடந்து வந்தவர்களை முதியவர்கள் நினைவுகூர்கிறார்கள்.

திருப்பூருக்கும் திராவிட இயக்கத்துக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. 1934-இல் இந்த ஊரிலே நடந்த செங்குந்தர் இளைஞர் மாநாட்டிலேதான் பெரியாரை அண்ணா முதன்முதலாகச் சந்தித்தார். அன்று அவர் கல்லூரிப் படிப்பை முடிக்கும் இளைஞர். தமிழ்நாட்டின் போக்கையே மாற்றிய அந்தச் சந்திப்புக்குப் பந்தல் போட்டது நெசவாளரின் ஊர்! அந்தப் பந்தலுக்குக் கால் நட்டவர்கள், விளக்கு ஏற்றியவர்கள், தண்ணீர்ப் பந்தலில் நின்றவர்கள் யார் யார்? தலைவர்களின் பெயர் வரலாற்றிலே இருக்கிறது. தொண்டர்களின் பெயரோ அவரவர் வீட்டுப் பரணிலே இருக்கிறது. நம் வீட்டிலும் நாற்காலி வரிசை உண்டு என்பதை மறுக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

படம் பத்திரமாகும் என்றோமே, அதற்கு இன்னொரு சான்று மணமேடையிலே இருக்கிறது. புரோகிதர் இல்லாமல், தீ வளர்க்காமல், மாலை மாற்றிக்கொண்டு நடந்த சுயமரியாதைத் திருமணங்களைச் சட்டம் ஏற்காத காலம் ஒன்று இருந்தது. அப்படி நடந்த மணம் செல்லாது என்று உயர்நீதிமன்றமே 1950-களில் சொன்னது. 1967-இல் அண்ணாவின் அரசு சட்டம் இயற்றித்தான் அந்த மணங்களுக்கு உரிமை கிடைத்தது. முன்னர் நடந்தவையும் செல்லுபடியாயின. அதுவரை அந்தத் தம்பதியரிடம் என்ன இருந்தது? தலைமை தாங்கியவரின் வாழ்த்துரை இருந்தது, அழைப்பிதழ் இருந்தது, ஒரு புகைப்படம் இருந்தது! ‘எங்கள் தாய் மனைவிதான், நாங்கள் பிள்ளைகள்தாம்’ என்று காட்டப் பல குடும்பங்கள் அந்தப் படத்தைச் சொத்துப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருந்தன.

நிறமில்லாத ஆறு

இன்னொரு வகைப் படம் உண்டு. அதிலே மனிதர் சிறியவராய்த் தெரிவர். ஆறு பெரிதாய்த் தெரியும். நொய்யல்! வெள்ளியங்கிரி மலையிலே பிறந்து, திருப்பூரை நடுவே கிழித்துச் சென்று காவிரியிலே கலக்கும் ஆறு. கரையிலே துவைக்கும் பெண்கள், குளிக்கும் எருமைகள், மணலிலே விளையாடும் பிள்ளைகள். அது கறுப்பு வெள்ளைப் படம். ஆகவே ஆற்றுக்கு நிறமில்லை. முதியவர்கள் சொல்கிறார்கள்: நேரிலும் அப்படித்தான், தண்ணீருக்கு நிறமில்லை!

வண்ணப் படம் வந்த காலத்திலே ஆறும் வண்ணமாயிற்று. வெள்ளைப் பனியன் மட்டும் தைத்த ஊர், 1970-களின் இறுதியிலே வெளிநாட்டுக்கு வண்ண ஆடை அனுப்பத் தொடங்கியது. சாயப்பட்டறைகள் பெருகின. உழவருக்கு நீர் தரக் கட்டப்பட்டு 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தொட்டியாகிப் போயிற்று. உழவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவு வெளியேற்றாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடுக என்று 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணையின்பின்னே இருந்த நியாயம் பெரிது. வேலை இழந்து நின்ற சாயப்பட்டறைத் தொழிலாளியின் துன்பமும் சிறிதன்று. ஆற்றைக் கெடுத்த இலாபம் அவன் கைக்கு வரவில்லை. அடைத்த கதவு மட்டும் அவன் முகத்திலே அறைந்தது! ‘ஆறு முன்பு எப்படி இருந்தது?’ என்று கேட்கும் பேரப்பிள்ளைக்கு அந்தப் பழைய படத்தைத் தவிர வேறு எதைக் காட்டுவது?

நாற்காலிக்கு நகர்ந்தவரும் நின்றே இருந்தவரும்

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். ஐம்பதுகளின் படத்திலே பின்வரிசையில் நின்ற சிலர், எழுபது, எண்பதுகளின் படத்திலே நாற்காலியிலே உட்கார்ந்திருக்கிறார்கள். காட்டை விட்டு வந்து, எந்திரம் ஓட்டி, காசு சேர்த்து, இரண்டு மெஷின் வாங்கி முதலாளி ஆனவர்கள். திருப்பூரின் தனித்தன்மை அது. உழைப்பு, உழைப்பு என்று அவர்கள் பேசுவதும் பொய்யல்ல. ஆனால் நகர்ந்தவர் சிலர். நின்றே இருந்தவர் பல்லாயிரவர். அவர்களும் உழைத்தார்கள்! உழைத்தவரெல்லாம் உயர்ந்தால் பின்வரிசையே இருக்காதே!

நின்றே இருந்தவர்கள் ஒருமுறை வீதியிலே நின்றார்கள். 1984-இல் பஞ்சப்படி கேட்டு நடந்த பொது வேலைநிறுத்தம் 127 நாட்கள் நீடித்தது! அந்த ஆண்டில் திருப்பூரின் ஏற்றுமதி ஏறத்தாழ 10 கோடி ரூபாய். இன்று பல்லாயிரம் கோடி. பத்துக் கோடி பல்லாயிரம் கோடியான கதையை மேடைதோறும் கேட்கிறோம். 127 நாட்கள் அடுப்பு எப்படி எரிந்தது என்ற கதையை எந்த மேடையிலே கேட்கிறோம்? அந்த நாட்களின் படங்கள் தொழிற்சங்க அலுவலகங்களிலும், வீடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அன்று இருபது வயது இளைஞன் இன்று அறுபதைத் தாண்டியவன். இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்டால் ‘இவர் யார்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கமாட்டார்.

செய்யவேண்டியது என்ன?

பெரிய செல்வம் வேண்டாம். பெரிய மாளிகை வேண்டாம். ஒரு பென்சில் போதும் தோழர்களே! பேனா வேண்டாம், மை ஊறிப் படம் கெடும். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், படத்தின் பின்புறத்திலே எழுதுங்கள்: எந்த ஆண்டு, எந்த இடம், இடமிருந்து வலம் யார் யார், எந்த ஊர்க்காரர், என்ன வேலை. எழுத இடமில்லையானால் தனித்தாளில் எழுதி இணையுங்கள். முதியவர் இருக்கும் வீட்டுக்கு முதலில் செல்லுங்கள். படத்தைக் கையிலே கொடுத்து, அவர் பேசுவதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். நடுநாற்காலியிலிருந்து தொடங்காமல், கடைசி வரிசையிலிருந்து கேளுங்கள்!

படத்தைப் பிடுங்கி வராதீர்கள். அது அவர்கள் சொத்து. கையிலிருக்கும் போனிலே படியெடுத்துக்கொண்டு மூலத்தை அங்கேயே விட்டு வாருங்கள். படிப்பகந்தோறும் ஒரு பேரேடு வையுங்கள். வாசகசாலைச் சுவரிலே தலைவர் படங்களுக்குப் பக்கத்திலே, அந்தத் தெருவின் முதல் நிட்டிங்காரர், முதல் பெண் டெய்லர், 127 நாள் போராட்டத்தில் நின்றவர் என்று பெயரோடு மாட்டுங்கள். தலைவர்களின் புகழ் அதனால் குறையாது, கூடும்.

இன்னும் ஒன்று. இன்றைய திருப்பூரிலே ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து தைக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்திலே மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிய நம்மவரைப் போன்றவர்கள்தாம் அவர்கள். அவர்கள் கையிலும் போன் இருக்கிறது. ஆயிரம் படம் எடுக்கிறார்கள். போன் கெட்டால் ஆயிரமும் போயிற்று! நாளைக்கு அவர்களும் பணிக்கொடை கேட்பார்கள். அவர்கள் பெயரும் பதிவேட்டிலே இல்லையென்று சொல்லப்படக்கூடும். அவர்கள் மொழி நமக்குப் புரியாமலிருக்கலாம், வியர்வை புரியும். அவர்கள் பெயரையும் எழுதுங்கள்.

சிற்றரசன் ஒருவன் கிணறு தோண்டினால்கூடக் கல்வெட்டு வெட்டிய நாடு இது. கல்லை வெட்டியவன் பெயரை அந்தக் கல்வெட்டுகளிலே தேடித்தான் காணவேண்டியிருக்கிறது. கோடிக் கணக்கான மனிதருக்கு ஆடை தந்த ஊரின் வரலாற்றிலும் அதே கொடுமை தொடரவேண்டுமா? மன்றத் தோழர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கட்டும். ஒரு தெரு, ஒரு வீடு, ஒரு படம் போதும். நாற்பது முகங்களில் நான்கு பேருக்குப் பெயர் கிடைத்தாலும் வெற்றியே! மீதி முப்பத்தாறு பேரைத் தேடி அடுத்த வாரம் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவோம்!